பவளப்புற்றுக்கு ஒரு வெளிச்சம்

எங்கள் மகள் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தபோது அந்த வாளி எங்கள் வீட்டுக்கு வந்தது. மூடி போட்ட பச்சை பிளாஸ்டிக் வாளி. கொடுத்தவர் லட்சத்தீவுக்காரர். கொச்சித் துறைமுகம் இருக்கிற வெலிங்டன் தீவிலிருந்து லட்சத்தீவுகளுக்குப் போய்வரும் கப்பலில் சமையல்காரராக இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அவரை அண்ணன் முறையில் இக்கா என்று கூப்பிடுவேன்.

நான் அப்போது துறைமுகத்தில் வயர்மேன். எண்பதுகளின் தொடக்கம். தினமும் காலையில் மட்டாஞ்சேரி படகு ஜெட்டியிலிருந்து போட்டில் ஏறி வெலிங்டன் தீவுக்குப் போவேன், சாயந்திரம் அதே போட்டில் திரும்புவேன். ஒருமுறை இக்காவின் கப்பல் கரையில் நின்றபோது அவருடைய சமையலறை மின்விசிறியைச் சரிசெய்து கொடுத்தேன். அதிலிருந்து கப்பல் வரும் நாளெல்லாம் எனக்கு அங்கே ஒரு கிளாஸ் சாயா உண்டு. குழந்தை போன விஷயம் அவருக்குத் தெரியும். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். வாளியை என் கையில் தந்து, "வீட்டில வச்சுப் பாரு. மோளுக்குக் கொஞ்சம் நேரம் போகும்," என்று மட்டும் சொன்னார். மோள், அதாவது மகள், என்றது என் மனைவியை.

வாளிக்குள் கடல் தண்ணீரில் இரண்டு கற்கள் கிடந்தன. ஒன்றில் சட்டைப் பொத்தான்கள்போலச் சின்னச் சின்ன வட்டங்கள் ஒட்டியிருந்தன. இன்னொன்று கைமுஷ்டி அளவில், தேன்கூடு மாதிரி குழிகுழியாக, தவிட்டு நிறத்தில் இருந்தது. ஒரு சின்ன நண்டும் கூட வந்திருந்தது. உயிருள்ள பவளத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. காய்ந்து வெளுத்ததை யார் வீட்டு அலமாரியிலாவது பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

என் மனைவி கலூரில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து எர்ணாகுளத்துக்கு ஓட்டல் வேலைக்கு வந்தவர். குழந்தை போனபிறகு அவள் வீட்டு வேலையெல்லாம் குறையில்லாமல் செய்தாள். பேச்சுதான் நின்றுபோனது. "சோறு ஆச்சு", "பைப்பில தண்ணி வந்தாச்சு" என்று வேண்டிய சொல்லை மட்டும் சொல்லுவாள். அழவும் இல்லை. அழுதால் பரவாயில்லை என்று அவள் அக்காவே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

வாளியின் மூடியைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது கல்லா, உயிரா?" என்று கேட்டாள்.

ஏழு மாதத்தில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"உயிர்தான். கல்லு மாதிரி வீடு கட்டிட்டு உள்ள இருக்கும்னு இக்கா சொன்னாரு."

"என்ன தின்னும்?"

எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்றைக்கே எனக்கு ஒரு வெறி பிடித்துவிட்டது. இந்தக் கல் சாகக்கூடாது. இது இருக்கும்வரை அவள் எதையாவது கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.

எர்ணாகுளத்தில் தங்கமீன் விற்கும் கடையில் சொல்லி இரண்டடி நீளத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்று செய்துகொண்டேன். காற்று விடுகிற சின்ன மோட்டாரும் அங்கேயே கிடைத்தது. தண்ணீரை இக்கா பார்த்துக்கொண்டார். நம்முடைய காயல் தண்ணீர் இதற்கு ஆகாது, உப்புப் போதாது என்று சொல்லி, கப்பல் நடுக்கடலில் வரும்போதே இரண்டு கேனில் மொண்டு வைத்துக் கொடுப்பார். நான் போட்டில் ஏற்றிக் கொண்டுவருவேன். கேனில் சாராயமா என்று கேட்டு போட்டில் சிரிப்பார்கள்.

எல்லாம் கிடைத்தது. வெளிச்சம்தான் கிடைக்கவில்லை.

எங்கள் வீடு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அறை. ஒரே ஒரு ஜன்னல். அதற்கு எதிரே கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் மிளகுக் கிடங்கின் சுவர். பகலிலும் விளக்குப் போட்டுத்தான் சமைப்பாள். தொட்டியை வெளியே சந்தில் வைக்க முடியாது, அது பக்கத்து வீட்டுக்காரர்கள் நடக்கிற வழி. எனவே விளக்குத்தான் சூரியன் என்று முடிவு செய்தேன். விளக்கு என் தொழில். அந்தத் திமிர் கொஞ்சம் இருந்தது.

முதலில் அறுபது வாட் குண்டு பல்பைத் தொட்டிக்கு மேல் தொங்கவிட்டேன். கல்லில் விரிந்திருந்த பொத்தான்கள் எல்லாம் சுருங்கி மூடிக்கொண்டன. வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து நூறு வாட் போட்டேன். மறுநாள் அவள் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்து, "கஞ்சி மாதிரி சுடுது," என்றாள். அன்று மதியம் நண்டு செத்துப்போனது. அவள் அதை ஒரு காகிதத்தில் மடித்துச் சந்து முனையில் போட்டுவிட்டு வந்து கை கழுவினாள். 

பிறகு சாதாரண டியூப் லைட். சூடு குறைந்தது. பொத்தான்கள் மெல்ல விரிந்தன. மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. ஆனால் கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி வழிந்தது, தேன்கூட்டுக் கல்லின் ஓரங்கள் வெளுக்கத் தொடங்கின. அவள் தினமும் பழைய துணியால் கண்ணாடியைத் துடைப்பாள். துடைக்கும்போது கல்லோடு ஏதோ சொல்லுவாள். நான் பக்கத்தில் வந்தால் நிறுத்திவிடுவாள்.

அடுத்த முறை கப்பல் வந்தபோது இக்காவை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். தரையில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்தார்.

"இது பட்டினி கிடக்கு," என்றார்.

"என்ன போடணும் இக்கா? மீன் பொடிச்சுப் போடவா?" என்று என் மனைவி கேட்டாள்.

"வேண்டாம் மோளே. வெயிலாக்கும் இதுக்குச் சோறு. எங்க தீவில ஆறேழாள் ஆழத்தில முங்கிப் பாத்தா சிவப்புத் துணி கறுப்பாத் தெரியும். எல்லாம் நீலம். அந்த நீல வெளிச்சத்திலதான் இது வளருது. உங்க வீட்டில அது எங்க கிட்டும்?"

அவர் போனபிறகு அந்த நீலத்தையே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். துறைமுகக் கிடங்கு வாசலில் எரிகிற மெர்குரி விளக்கில் ஒரு நீல வெள்ளை இருக்கிறதே என்று தோன்றியது. மேலதிகாரியிடம் கேட்டு, கழற்றி வைத்திருந்த பழைய விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினேன். அந்தச் சின்ன அறை அதைத் தாங்காது. கண் கூசியது, சுவர் சுட்டது. அதன் வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு கறுத்து, தோல் வெளிறி, உயிரில்லாத முகமாக இருந்தது. என் முகமும் அவளுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். இரண்டாம் நாளே கழற்றிவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் துறைமுக அலுவலகத்தில் வரைபடப் பிரிவிலிருந்து ஆள் வந்தது. வரைபடங்களை நகல் எடுக்கும் இயந்திரம் ஓடவில்லை என்றார்கள். பக்கப் பலகையைக் கழற்றினேன். உள்ளே வரிசையாக நீல டியூப்கள். கடை விளக்குகளில் பார்க்கிற வண்ணம் பூசிய நீலம் இல்லை. கொஞ்சம் ஊதா கலந்த, ஆழமான நீலம். மாற்றிப்போட்ட பழைய டியூப்கள் இரண்டு மூலையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. நகல் எடுக்க வேகம் போதாது, மற்றபடி எரியும் என்றார் அங்கிருந்த டிராப்ட்ஸ்மேன். எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "கொண்டு போ. இங்க அடைசலாக் கிடக்கு," என்றார்.

அந்த நீலத்தை வேறு எங்கே பார்த்தோம் என்று எனக்கு அப்போது நினைவு வரவேயில்லை. பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். இப்போது எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

சனிக்கிழமை சாயந்திரம் அவள் மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். ஒரு வெள்ளை டியூப், ஒரு நீல டியூப் இரண்டையும் ஒரே பலகையில் பொருத்தித் தொட்டிக்கு மேல் வைத்தேன். நீலத்தை மட்டும் முதலில் போட்டுப் பார்த்தேன். தேன்கூட்டுக் கல் பச்சையாகத் தீப்பற்றியதுபோல ஒளிவிட்டது. பகல் வெளிச்சத்தில் இல்லாத பச்சை. எனக்குக் கைதட்டத் தோன்றியது.

வாசலில் கேனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அவள் நிலைப்படியிலேயே நின்றாள். பிறகு வந்தாள், என்னைப் பார்க்கவில்லை. டியூப்புக்கு அடியில் இரண்டு கையையும் விரித்து நீட்டினாள். கைகள் நீலமாயின.

"கண்ணக் கட்டலையே," என்றாள்.

"என்ன?"

"கண்ணுல வெளிச்சம் படக்கூடாதுன்னு துணியால கட்டி வச்சிருந்தாங்கல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவிட்சை நோக்கி எழுந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அணைக்காதீங்க," என்றாள்.

எங்கள் மகள் பிறந்து இரண்டாம் நாளே மஞ்சளாகத் தொடங்கினாள். தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் சேரவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியில் துணியில்லாமல் படுக்கவைத்து, கண்ணைக் கட்டி, மேலே நான்கு நீல டியூப்களை எரியவிட்டார்கள். அந்த வெளிச்சம் மஞ்சளை இறக்கும் என்றார்கள். ரத்தம் மாற்றுவதற்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. ஐந்தாம் நாள் காலையில் எல்லாம் முடிந்துபோனது. பெயர் வைக்கவில்லை.

இவ்வளவுதான் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது.

அந்த டியூப்களைப் பகல் முழுக்க அவள் அணைக்க விடவில்லை. காலையில் எழுந்ததும் போடுவாள், சாயந்திரம் நான் வந்து சாயா குடித்து முடித்தபிறகு அணைப்பாள். கல் பிழைத்தது. வெளுத்த ஓரத்தில் மறுபடி தவிட்டு நிறம் ஏறியது. மத்தியானங்களில் குழிகளிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய மயிரிழைகள்போல என்னவோ வெளியே நீண்டு ஆடும் என்று சொன்னாள். நான் வேலையில் இருக்கிற நேரத்தில் அவள் அதன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று பக்கத்து வீட்டு அம்மா என்னிடம் சொன்னார். "அவளுக்கு ஒரு டாக்டரைக் காட்டு," என்றும் சொன்னார்.

எனக்குப் பயமாக இருந்தது. அவளைப் பற்றிய பயம் பாதிதான். அந்த வெளிச்சம் எரிகிற அறையில் என்னால் வாய் திறக்காமல் இருக்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து அவள் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபோது, நானும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"ஆஸ்பத்திரியில நாலு டியூப் இருந்துச்சில்ல? அதில ரெண்டு சரியா எரியல. ஒண்ணு சுத்தமா எரியல. இன்னொண்ணு மினுக்கிக்கிட்டே இருந்துச்சு. ஸ்டார்ட்டர் போயிருந்துச்சு. நான் பாத்தேன்."

அவள் திரும்பவில்லை.

"நான் நேரா வேலையிலருந்து வந்திருந்தேன். தோள்ல பை இருந்துச்சு. பையில புது ஸ்டார்ட்டர் இருந்துச்சு. ஒரு திருகு திருகினா போதும். சிஸ்டர்கிட்டச் சொல்லணும்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள டாக்டர் வந்தாரு. எல்லாரும் வெளிய போங்கன்னாங்க. வெளிய வந்துட்டேன்."

"அடுத்த நாளும் அப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு."

"அப்பவும் சொல்லலை."

"சொல்லலை. பெரிய ஆஸ்பத்திரி, அவங்களுக்குத் தெரியாதான்னு நினைச்சேன். நான் ஒரு வயர்மேன். டாக்டர் முன்னால போய் லைட்டு சரியில்லன்னு எப்படிச் சொல்றதுன்னு..."

 மோட்டாரின் காற்றுக் குமிழ்ச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள்.

"என்ன தெரியும்?"

"நீங்க பிள்ளையப் பாக்கவே இல்ல. மேல லைட்டையே பாத்துட்டு நின்னீங்க. பைக்குள்ள கையும் விட்டீங்க. என்னவோ எடுக்கப் போறீங்கன்னு நான் பாத்துட்டே இருந்தேன். பிறகு வெறுங்கைய வெளிய எடுத்துட்டீங்க."

"அப்ப ஏன் என்கிட்டக் கேக்கல? இத்தனை மாசம்?"

"கேட்டா நீங்க பறஞ்சிருவீங்களேன்னு பயமா இருந்துச்சு. இப்பச் சொல்லிட்டீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் அவள் காலைப் பிடித்திருப்பேன். "அது எரிஞ்சிருந்தா பிழைச்சிருக்குமா?" என்று கேட்டாள்.

"தெரியாது. டாக்டருக்கே தெரியாதுன்னு நினைக்கிறேன்."

எழுந்துபோய்ப் பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினாள். வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிட்டால் இறங்கும் என்று நினைத்த பாரம் இறங்கவில்லை. இப்போது அதை இரண்டு பேர் சுமக்கிறோம் என்று மட்டும் தெரிந்தது.

அதன்பிறகு அவள் பேசினாள். முன்பைவிட அதிகமாகவே பேசினாள், ஆனால் எல்லாம் தொட்டியைப் பற்றித்தான். வெள்ளை டியூப்பைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னாள். பொத்தான்களுக்கு நீலம் அதிகம் வேண்டாம், அவை ஓரத்தில் இருக்கட்டும், தேன்கூடு நடுவில் இருக்கட்டும் என்றாள். நீலத்தை மட்டும் காலையில் ஒரு மணி நேரம் முன்பே போட்டு, பிறகு வெள்ளையைச் சேர்த்தால் நன்றாக விரிகிறது என்று அவளாகவே கண்டுபிடித்தாள். என்னைவிட அவளுக்கு அந்த வெளிச்சம் புரிந்திருந்தது. நான் அவள் சொன்னபடி பலகையை உயர்த்தினேன், இறக்கினேன். ஒரு நாள் மினுக்கத் தொடங்கிய ஸ்டார்ட்டரை அவள் பார்க்கும் முன்பே மாற்றிவிட்டேன். அவள் பார்த்துவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. பழைய ஸ்டார்ட்டரைக் குப்பையிலிருந்து எடுத்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தாள். 

மே மாதக் கடைசியில் மழை பிடித்தது. கடல் கொந்தளித்ததால் தீவுக் கப்பல்கள் குறைந்தன. இக்காவின் கப்பல் பழுது பார்க்கப் போய்விட்டது. கடல் தண்ணீர் வருவது நின்றது. கோட்டைக் கொச்சிக் கடற்கரைக்குச் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு போனேன். ஆற்றுவெள்ளமெல்லாம் வந்து கலந்து, கடலே செம்மண் நிறத்தில் கிடந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பே இல்லை. கல்லுப்பைக் கரைத்து ஊற்றிப் பார்த்தேன். பொத்தான்கள் இரண்டே நாளில் கரைந்து நூல்போல மிதந்தன.

தேன்கூட்டுக் கல் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியது. பிறகு மின்சாரம் போகத் தொடங்கியது. சந்தில் மரக்கிளை விழுந்து கம்பி அறுந்தபோது மூன்று நாள் எங்கள் வரிசைக்கே விளக்கு இல்லை. எனக்குத் தெரிந்த லைன்மேன்களிடமெல்லாம் போய் நின்றேன். முன்பு எந்த இடத்தில் வாய் மூடிக்கொண்டேனோ அதற்கும் சேர்த்து எல்லா இடத்திலும் கத்தினேன். ஒருவர் என்னைப் பார்த்து, "வீட்டில யாருக்காவது சுகமில்லையா?" என்று மலையாளத்தில் கேட்டார். ஆமாம் என்றேன்.

நான்காம் நாள் காலையில் விளக்கு வந்தது. நீல டியூப்பைப் போட்டோம். கல் ஒளிவிடவில்லை. தொட்டியிலிருந்து நாற்றம் வந்தது. கல் முழுக்க வெள்ளையாகியிருந்தது, யார் வீட்டு அலமாரியிலோ நான் பார்த்ததைப்போல.

அவள் சுவிட்சை அணைத்தாள். "செத்ததுக்கு எதுக்கு வெளிச்சம்?" என்றாள்.

நான் வேலைக்குப் போய்த் திரும்பியபோது தொட்டி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கல்லை என்ன செய்தாள் என்று சொல்லவில்லை. அன்றைக்குத்தான் அவள் அழுதாள். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிரசவ வலிபோலச் சத்தம்போட்டு அழுதாள். பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து எட்டிப்பார்த்துவிட்டு, என்னை வெளியே போகச் சொன்னார். நான் போகவில்லை. பக்கத்தில் போய் அவள் தோளில் கை வைத்தேன், தட்டிவிட்டாள். இன்னொரு முறை வைத்தேன், அப்போதும் தட்டிவிட்டாள். பிறகு சுவரோரமாக உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டு நாளில் கலூருக்கு, அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். மழைக்காலம் முழுவதும் அங்கேயே இருந்தாள். ஞாயிறுதோறும் நான் போவேன். சாயா தருவாள். அக்காவின் பிள்ளைகள் எங்கள் நடுவே ஓடித் திரிவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இனி ஒரு பிள்ளை வேணுமா உங்களுக்கு?" என்று கேட்டாள். உனக்கு வேண்டுமா என்று கேட்டேன். "எனக்குப் பயம்," என்றாள். "எனக்கும்," என்றேன். அதற்குமேல் அந்தப் பேச்சு எங்களுக்குள் வரவில்லை. எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவும் இல்லை.

ஓணம் கழிந்து அவள் திரும்பி வந்தாள். இறால் தோல் உரிக்கும் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் விரல்கள் ஐஸ் தண்ணீரில் ஊறி வெடித்துப்போயின. வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. வீட்டில் சும்மா இருக்க முடியாது என்றாள்.

அந்தச் சமயத்தில் இக்காவின் கப்பல் திரும்ப ஓடத் தொடங்கியது. ஒரு நாள் அவரே வீட்டுக்கு வந்தார், கையில் அதே மாதிரி வாளி. உள்ளே முன்பைவிடப் பெரிய கல், பழுப்பும் பச்சையுமாக. அவரிடம் நடந்ததை நான் சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்பே அவள் வாளிக்குள் பார்த்துவிட்டாள்.

"வேண்டாம் இக்கா," என்றாள். "எங்க வீட்டு வெளிச்சம் இதுக்குப் போதாது. எங்கருந்து எடுத்தீங்களோ அங்கயே கொண்டுபோய் விட்ருங்க."

இக்கா என்னைப் பார்த்தார். "கப்பல் கிளம்ப நாலு நாளாகும் மோளே. வாளியில அவ்வளவு நாள் கிடக்குமான்னு தெரியாது."

"மேல டெக்கில வெயில்ல வைங்க. நானே கொண்டுவந்து தர்றேன்."

மூன்று பேருமாகப் போட்டில் ஏறினோம். நான் வேலை செய்கிற இடத்தை அவள் பார்த்தது அன்றைக்குத்தான். வாளியை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் திறந்து பிடித்திருந்தாள். நல்ல வெயில். போட்டு ஆடும்போதெல்லாம் தண்ணீர் சிந்தி அவள் சேலை நனைந்தது. இக்கா தன் துண்டை எடுத்துக் கொடுத்தார், வாங்கிக்கொள்ளவில்லை.

கப்பலடியில் வாளியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது, அடுத்த நாள் ஷெட்டுக்கு ஏழு மணிக்கே போகவேண்டும், அரிசி ஊறவைக்க மறந்துவிட்டேன் என்றாள். கல் கடலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நான் இக்காவிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சில மாதங்களில் அவர் வேலையை விட்டுத் தீவுக்கே போய்விட்டார் என்று கப்பலில் வேறொருவர் சொன்னார்.